கோபுரத்திலிருந்து பார்த்த கூறைச்சேலை

லவாலுக்குப் போகும் மெற்றோ ரயிலில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் இருந்தார்கள். இளையவள் சொன்னாள்:

“இந்த மனுசன் என்ர கூறைச்சேலையைப் பல்கனியில கட்டிவிட்டவர், அக்கா.”

“ஏனாம்?”

“ஊர் முழுக்கத் தெரியிற அந்த ஸ்ரேடியம் கோபுரத்தில ஏறி நிண்டு எங்கட வீட்டை அடையாளம் பிடிக்கவாம்.”

“தெரிஞ்சதோ?”

“எனக்கெண்டா எல்லாம் கூரையாத்தான் கிடந்தது. இவர், ‘அந்தா, சிவப்பாத் தெரியுது’ எண்டு துள்ளினார். பாவமெண்டு நானும், ‘ஓம், தெரியுது’ எண்டன்.”

“பேந்து?”

“வீட்டை வந்தா, வெயிலில நிறம் போயிடுமெண்டு மகள் அதை நாங்கள் வெளிக்கிட்ட உடனையே எடுத்து மடிச்சு வைச்சிருக்கிறாள்.”

“அவர் என்ன சொன்னவர்?”

“ஆளையாள் பார்த்துச் சிரிச்சதில தேத்தண்ணி ஆறிப்போச்சு.”