கனவென்று சொல்லிவைத்த விடியல்

— மெதுவாப் பேசுக்கா. இப்பதான் கண்ணசந்தா.

— மெதுவாத்தான்டி பேசுறேன். கோர்ட்டுல கத்திக் கத்தி என் குரலே இப்படி ஆயிடுச்சு. எங்கே நம்ம முயல்குட்டி? பிள்ளையைச் சோபாவிலயா படுக்க வச்சிருக்கே?

— போன வாரத்துலேர்ந்து அவ கட்டில் பக்கமே போறதில்லை. கேட்டா, சோபாதான் மெத்துன்னு இருக்காம். மழையும் விடாமப் பெய்யுதா, பகல்லயும் தூக்கம் வருதுங்கிறா. சரின்னு விட்டுட்டேன்.

— சரி, கேளு சின்னு. சாயங்காலம் இன்ஸ்பெக்டர் ஏதோ பேப்பர் கொண்டு வர்றார்னு போன்ல சொன்னியே, அதுல கையெழுத்துப் போட்டுடாதே. அதைச் சொல்லத்தான் கட்சிக்காரரை ஆபீஸ்ல உட்கார வச்சுட்டு ஓடி வந்தேன்.

— அதை நீ இன்னும் பார்க்கவே இல்லையே.

— பார்க்கவே வேணாம். கதவைச் சரி பண்ணித் தர்றாங்க, இதுக்கு மேல எங்களுக்கு எந்தக் குறையும் இல்லைன்னு நீ எழுதிக் குடுக்கிற மாதிரி இருக்கும். உன் வாயை உன் கையாலயே தைக்க வைக்கிறது.

— இருந்துட்டுப் போகட்டும்க்கா.

— என்னடி பேச்சு இது? பின் தெருவுல எவனையோ பிடிக்க வந்த போலீஸ்காரங்க, தெருவை மாத்தி உன் வீட்டுக் கதவை உடைச்சிருக்காங்க. உன் வீட்டுக்காரர் லாரியை எடுத்துட்டு எந்த ஊர்ல இருக்காரோ. நீயும் குழந்தையும் தனியா. விடிஞ்சும் விடியாத நேரம். இருந்துட்டுப் போகட்டுமாம்!

— என்னமோக்கா, எனக்கு அது நடந்த மாதிரியே இல்லை. முதல்ல சத்தம்கூட வரலை, வெளிச்சம்தான் வந்துச்சு. டார்ச் வெளிச்சம் ஜன்னல் கண்ணாடி வழியா கூரையில நெளிஞ்சுது. தண்ணிக்கு அடியில படுத்துக்கிட்டு மேலே பார்க்கிற மாதிரி. அழகா இருக்கேன்னுகூட நினைச்சேன். அப்புறம்தான் கதவு. அதுவும் எங்கேயோ தூரத்துல மரம் சாயுற மாதிரிதான் கேட்டுது.

— நீ என்ன பண்ணே?

— எழுந்து நின்னேன். கால் தரையில படவே இல்லை. 'கையைத் தூக்கும்மா'ங்கிறாங்க, தூக்குறேன். யாரோட கையோ மேலே போற மாதிரி இருக்கு. ஹால்ல என் வேலை மேஜையைக் கவுத்துட்டாங்க. அத்தனை பல்லும் தரையில.

— ஐயோ, பல்செட்டெல்லாமா?

— சாந்து அச்சு, மெழுகுல வச்ச பல்லு, முடிச்சு வச்ச செட்டு, எல்லாம். தரை பூரா வாயா இளிக்குது. ஒரு சின்ன வயசுப் போலீஸ்காரர் ஒண்ணைக் கையில எடுத்து, 'என்னம்மா இது?'ன்னார். 'பல்லுங்க, டாக்டருங்களுக்குச் செஞ்சு குடுக்கிறேன்'னேன். சடக்குன்னு கீழே போட்டுட்டு, கையைப் பேன்ட்ல துடைச்சுக்கிட்டார். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சுக்கா. அந்த நேரத்துல!

— சிரிப்பே. ஏன் சிரிக்க மாட்டே? உடைஞ்சது எவ்வளவு?

— பாதிக்கு மேல போச்சு. எல்லாரையும் கூப்பிட்டு மறுபடி வாயில அச்செடுக்கணும். ஒரு கணக்கு வாத்தியார் ஸ்கூல் திறக்கிறதுக்குள்ள பல்லு வேணும்னு கெஞ்சியிருந்தார். பாவம், இப்போ பொக்கை வாயோட பெருக்கல் சொல்லிக் குடுக்கிறாராம்.

— போட்டோ எடுத்து வச்சிருக்கேல்ல? அழிச்சுடாதே. இப்போ கேளு, உனக்கு வழி இருக்கு. சோதனை உத்தரவோட நகலைக் கேட்டு மனுப் போடலாம். எந்த வீட்டுக்கு உத்தரவு வாங்கினாங்க, எந்த வீட்டுக்குள்ள வந்தாங்கன்னு பளிச்சுன்னு தெரிஞ்சுடும். போலீஸ் மேல வர்ற புகாரை விசாரிக்கன்னே தனி ஆணையம் இருக்கு, அங்கே போகலாம். கதவுக்கும் பல்லுக்கும் நஷ்ட ஈடு கேட்கலாம். குடுக்கலேன்னா கேஸ். எல்லாத்துக்கும் காலக்கெடு இருக்குடி, ஆறப்போட்டா அவ்வளவுதான்.

— நீ சொல்றது மழைச் சத்தம் மாதிரியே இருக்குக்கா. கேட்டுக்கிட்டே இருக்கலாம் போல இருக்கு. ஆனா தலையில ஒண்ணும் ஏறலை.

— ஏறலையா, ஏத்திக்க மனசில்லையா?

— மனசில்லைதான்.

— ஏன்? அவங்களைப் பார்த்துப் பயமா?

— பயமில்லைக்கா. அவதான், தூங்குறாளே, அவதான். மெத்தையைத் தூக்கிப் பார்க்கணும்னாங்க. குழந்தை இருக்கான்னு கத்த வாயைத் திறக்குறேன், அதுக்குள்ள அவங்களே பார்த்துட்டாங்க. ஒருத்தர் துப்பாக்கியை முதுகுப் பக்கம் தள்ளிட்டுக் குனிஞ்சார். கழுத்துக்குக் கீழே கையைக் குடுத்து, போர்வையோட சேர்த்து அவளை அள்ளினார். வீட்டுல பிள்ளை வளர்க்கிற ஆளுதான், பார்த்தாலே தெரிஞ்சுது. பூ மாதிரி கொண்டு வந்து இந்த சோபாவில கிடத்தினார். அவ அசையக்கூட இல்லை.

— ம்.

— அதுக்கப்புறம் எல்லாருமே சத்தமில்லாமத்தான் தேடினாங்க. அலமாரி, பரண், ஒண்ணு விடலை. ஆனா பூனை நடக்கிற மாதிரி நடந்தாங்க. எனக்கு அதுவே ஒரு மரியாதையாத் தெரிஞ்சுது. தலையணையைக் கிழிச்சு உதறினப்போ பஞ்சு பறந்துச்சு பாரு, டார்ச் வெளிச்சத்துல, கீழே விழ மனசே இல்லாத மாதிரி மெதுவா... காலையில இவ எழுந்து என்ன சொன்னா தெரியுமா? 'அம்மா, கனவுல நம்ம வீட்டுக்குள்ள பனி பெய்ஞ்சுது. ஒரு மாமா என்னைத் தூக்கிக்கிட்டுப் பறந்தார்.'

— நீ என்ன சொன்னே?

— 'ஆமா கண்ணு, நல்ல கனவு'ன்னேன். கதவைக் காத்து உடைச்சுதுன்னேன். பல்லெல்லாம் என் கை தவறிக் கொட்டுச்சுன்னேன். ஒரு வாரமா அந்தக் கனவைத்தான் காப்பாத்திக்கிட்டு இருக்கேன். கேஸ், கோர்ட்டுன்னு கிளம்பினா விசாரிக்க ஆளுங்க வருவாங்க, இவ காதுல விழும். அப்புறம் அது கனவு இல்லைன்னு ஆயிடும்க்கா. அவளுக்காவது அது கனவாவே இருக்கட்டுமே.

— சின்னு...

— அவங்களும் தெரியாம வந்தவங்கதானே. கடைசியில அந்தப் பெரிய அதிகாரி நடு ஹால்ல நின்னு, 'வீடு மாறிப் போச்சும்மா, இப்பதான் தெரிஞ்சுது, மன்னிச்சுடுங்க'ன்னார். தொப்பியைக் கழட்டிட்டுச் சொன்னார்க்கா.

— அங்கேதான் முடிச்சே இருக்கு. வக்கீலா உண்மையைச் சொல்லிடுறேன். தெரியாம நுழைஞ்சதைச் சட்டம் மன்னிச்சாலும் மன்னிக்கும். ஆனா தப்பான வீடுன்னு தெரிஞ்ச அந்த நிமிஷமே வெளியே போயிடணும். அதுக்கு மேல ஒரு டப்பாவைத் திறந்தாக்கூட அத்துமீறல். அவங்க கடைசியிலதான் தெரிஞ்சுதுன்னு எழுதி வச்சிருப்பாங்க. இல்லைன்னு சொல்ல நமக்கு ஆள் இல்லை. அதனால லேசான கேஸ்னு சொல்லி உன்னை ஏமாத்த மாட்டேன்.

— பார்த்தியா? நீயே சொல்றே. போட்டுடுறேன்க்கா கையெழுத்தை. முடிஞ்சு போகட்டும்.

— மன்னிக்கணும்னு தோணுச்சுன்னா மன்னி, நான் குறுக்கே நிக்கலை. ஆனா ஒண்ணு கேட்கவா? வந்ததிலேர்ந்து பார்க்கிறேன், வீட்டுக்குள்ள எதுக்குடி செருப்புப் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கே?

— அட... எப்போ மாட்டினேன்னே தெரியலையே.

— கதவைப் பார்த்தபடியே உட்கார்ந்திருக்கே. என் முகத்தை ஒரு தரம்கூட நீ பார்க்கலை. இது முடிஞ்சு போன மாதிரி எனக்குத் தெரியலை. அழாதே. அழாதேடி, நான் இருக்கேன்ல.

— மெதுவா, அக்கா, அவ முழிச்சுக்கப் போறா...

— அம்மா.

— ஐயோ, முழிச்சுட்டியா கண்ணு? ஒண்ணுமில்லை, பெரியம்மா வந்திருக்காங்க, சும்மா பேசிக்கிட்டு இருக்கோம். நீ தூங்கு.

— நான் தூங்கவே இல்லையே.

— எப்போலேர்ந்து முழிச்சிருக்கே?

— பெரியம்மா வந்ததிலேர்ந்து. கண்ணை மட்டும் மூடியிருந்தேன். அன்னிக்கும் அப்படித்தான்.

— என்னைக்கும்மா?

— அந்த மாமா தூக்கினப்போ. கண்ணை இறுக்கி மூடினா சுருக்கம் விழும், கண்டுபிடிச்சுடுவாங்க. லேசா மூடணும்.

— கண்ணு... அப்போ ஏன் கனவுன்னு சொன்னே?

— நீ அழுதுக்கிட்டே பஞ்சு பொறுக்கினே. நான் கனவுன்னு சொன்னதும் சிரிச்சே. அதான்.

— அக்கா, இவ என்ன சொல்றான்னு கேட்டியா? அக்கா...

— இரு சின்னு, அவளைக் கட்டிப் பிடிச்சுக்கோ, நான் பக்கத்துல வர்றேன். முயல்குட்டி, உனக்குச் சொல்லணும்னு தோணுச்சுன்னா மட்டும் சொல்லு, இல்லேன்னா வேணாம். உன்னை இங்கே படுக்க வச்சப்போ அந்த மாமா ஏதாவது பேசினாரா?

— பேசினார் பெரியம்மா. என் மேல போர்வையை இழுத்து விட்டுட்டு, ரகசியமா, 'சார், இது அந்த வீடு இல்லை சார்'னார். கடைசியில மன்னிப்புக் கேட்டாரே, அந்தப் பெரிய போலீஸ் மாமா, அவர் குனிஞ்சு என் முகத்துல டார்ச் அடிச்சுப் பார்த்தார். 'தெரியுது, சத்தம் போடாமத் தேடு, குழந்தை முழிச்சுக்கப் போகுது'ன்னார்.