திரும்பி வந்த கிஃப்ட்

இல்லம்மா, நீங்க தப்பா புரிஞ்சுக்கிட்டீங்க. எனக்கு ரீஃபண்ட் வேணாம். ரீஃபண்ட் வந்துடுச்சு. வந்ததை நீங்க திருப்பி எடுத்துக்கங்கன்னுதான் இவ்வளவு நேரமா சொல்லிக்கிட்டு இருக்கேன்.

ஆமா, திருப்பி எடுத்துக்கங்க. ஏம்மா சிரிக்கறீங்க? சிரிக்கலையா? சரி, லைன்ல ஏதோ கேட்டுச்சு. உங்களுக்கு முன்னாடி ஒரு தம்பி பேசினார், அவரு நிஜமாவே சிரிச்சுட்டார். சார், பணம் கேட்டு சண்டை போடறவங்களைத்தான் பாத்திருக்கேன், பணம் வேணாம்னு சண்டை போடறவரை இன்னைக்குத்தான் பாக்கறேன்னுட்டு உங்களுக்கு மாத்தி விட்டுட்டார். நீங்க அவருக்கு மேல இருக்கறவங்களா? நல்லது. அப்ப முதல்லேர்ந்து சொல்றேன், கேளுங்க.

அந்த மலை ஏறுற கேம் இருக்குல்ல, ரெண்டு பேர் இடுப்புல ஒரே கயித்தைக் கட்டிக்கிட்டு ஏறுவாங்களே, அது. உங்க கடையிலதான் ரெண்டு வாங்கினேன். ஒண்ணு எனக்கு. இன்னொண்ணு கிஃப்டா என் கூட்டாளிக்கு அனுப்பினேன். அவன் அதை உங்ககிட்டயே திருப்பிக் குடுத்துட்டான். பணம் என் வாலட்டுக்கு வந்து உக்காந்துக்கிச்சு. கூடவே ஒரு மெசேஜ், உங்களுக்கு ஒரு நல்ல செய்தின்னு ஆரம்பிக்குது. யாரும்மா அதை எழுதினது? அவரைக் கொஞ்சம் பாக்கணும் எனக்கு.

தெரியும், தெரியும். உங்க பாலிசியை நான் மனப்பாடமா சொல்வேன். வாங்கி ரெண்டு வாரத்துக்குள்ள இருக்கணும், ரெண்டு மணி நேரத்துக்குக் குறைவா விளையாடியிருக்கணும், காரணம் கேக்க மாட்டீங்க. கிஃப்டா இருந்தா, வாங்கிக்கிட்டவர் வேணாம்னு சொன்னாப் போதும், பணம் குடுத்தவருக்குப் போயிடும். அதானே? குடுத்தவன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு யாருக்கும் தோணலை பாருங்க. நான் ஒருத்தருக்கு ஆசையா ஒண்ணு குடுக்கறேன். அவருக்குப் பிடிக்கலை. பிடிக்கலைன்னு எனக்குத் தெரியாம அலமாரியில போட்டு வைக்கறதுதானே உலக வழக்கம்? அதுதான் மரியாதை. நீங்க என்னடான்னா அதை வாசல் வரைக்கும் கொண்டுவந்து என் கையில திணிச்சு, இந்தாங்க சார், அவருக்கு வேணாமாம்னு சொல்லிட்டுப் போறீங்க.

அந்தச் சத்தமா? அது பாலிஷ் மெஷின். இருங்க, நிறுத்தறேன். நிறுத்திட்டேன். நான் பல் செட்டு செய்யறவன்மா. டாக்டர் வாய்ல அச்சு எடுத்து அனுப்புவாங்க, நாங்க செட்டு செஞ்சு அனுப்புவோம். சின்ன லேப்தான். நானும் அவனும். அவன் பேரை விடுங்க, எல்லாரும் மெழுகுன்னுதான் கூப்பிடுவாங்க. மெழுகுல பல்லைப் பதிக்கறது அவன் வேலை. எந்தப் பல் எவ்வளவு சாயணும், எது தூக்கலா இருக்கணும், மூஞ்சிக்கு எது பொருந்தும், எல்லாம் அவன் கண்ணுலேயே இருக்கும். அச்சுல பிளாஸ்டர் ஊத்தறது, வேக வைக்கறது, தேய்க்கறது, பாலிஷ் போடறது என் வேலை. எங்க தொழில்ல ரிட்டனே கிடையாது தெரியுமா? ஒருத்தர் வாய்க்குச் செஞ்ச பல்லை இன்னொருத்தருக்கு மாட்ட முடியுமா? சரியா வரலேன்னா திரும்பத் திரும்ப சரி பண்ணித்தான் ஆகணும்.

விஷயத்துக்கு வர்றேன், கோவிச்சுக்காதீங்க.

செட்டு கொதி தண்ணில வேகறதுக்கு ஒண்ணரை மணி நேரம் ஆகும். அவசரப்பட்டு எடுத்தா உள்ளே குமிழி விழுந்துடும். அந்த நேரத்துல நாங்க என்ன பண்றது? பில் போடறதுக்குன்னு ஒரு பழைய கம்ப்யூட்டர் கிடந்துச்சு. அதுல விளையாட ஆரம்பிச்சோம். ஒரே கீபோர்டு. இடது பக்கத்துக் கட்டையெல்லாம் அவனுது, வலது பக்கம் என்னுது. தோளோட தோள் இடிச்சுக்கிட்டு, ரெண்டு கிழவனுங்க. டாக்டர் வீட்டு ஆள் வந்து வாசல்ல நின்னா கூட இருப்பா இந்த ஒரு ஆட்டம்னு நிக்க வைப்போம். எங்க வீட்டுக்காரி கேப்பா, உனக்குத் தாலி கட்டினது நானா அவனான்னு. நீ கட்டலையே, நான்தானே கட்டினேன்னு சொல்வேன். அதுக்கும் திட்டுவா.

போன மாசம் மெழுகுக்கு இடுப்பு பிடிச்சுக்கிச்சு. டிஸ்க் நகர்ந்துடுச்சாம், படுத்த படுக்கையா ஒரு மாசம் இருக்கணும்னு சொல்லிட்டாங்களாம். எனக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை. வேலையை விடுங்க, அதை எப்படியோ ஒப்பேத்திக்கலாம். மெழுகு வேலையையும் நானே தட்டுத் தடுமாறி செஞ்சேன். நான் வெச்ச பல்லைப் பாத்துட்டு ஒரு டாக்டர் கேட்டார், ஏன்யா எல்லாப் பல்லும் ஸ்கூல் பிரேயர்ல நிக்கற மாதிரி நிக்குதுன்னு. சரி, படுத்திருக்கறவனுக்குப் பொழுது போகணுமே. அவன் வீட்ல மகளோட லேப்டாப் இருக்கு. அதான் இந்த கேமை அனுப்பினேன். பாரு, இதுல ரெண்டு பேர் இல்லாம ஒரு அடி எடுத்து வைக்க முடியாது, எங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்குன்னு சொன்னேன். அவனும், ஆஹா பிரமாதம்டான்னான்.

முதல் நாள், நீ திறந்து வை, நான் மாத்திரை போட்டுட்டு வர்றேன்னான். திறந்து வெச்சேன். ஒரு மலை, அடிவாரத்துல ஒரு ஆள், கயித்தோட மறுமுனை சும்மா தரையில கிடக்குது. கூட்டாளிக்காகக் காத்திருக்கிறதுன்னு கீழே எழுத்து ஓடுது. மாத்திரையில தூங்கிட்டேன்டான்னு மறுநாள் சொன்னான். பாவம்னு நினைச்சேன். அடுத்த நாளும் திறந்து வெச்சேன். வந்துடுவான் வந்துடுவான்னு ஸ்கிரீனை அப்படியே விட்டுட்டு இந்தப் பக்கம் தேய்ச்சுக்கிட்டு இருப்பேன். அப்பப்ப எட்டிப் பாப்பேன். அந்த ஆள் கையை உதறுவான், குளிருதாம் அவனுக்கு.

அதெல்லாம் உங்க கணக்குல என்னன்னு ஏறியிருக்கு? சொல்லுங்க, உங்க முன்னாடி இருக்குமே. ஒன்பது மணி நேரம் விளையாடியிருக்கேனா? ஒரு அடி நகரலைம்மா! விளையாடலை, காத்துக்கிட்டிருந்தேன். அதுக்கு உங்க கம்ப்யூட்டர்ல தனியா ஒரு கட்டம் கிடையாதா? கிடையாது. அதனால என்னுதைத் திருப்பித் தர முடியாது. ஒன்பது மணி நேரம் அனுபவிச்சுட்டேன். அவனுதைத் தரலாம், அவன்தான் தொடவே இல்லையே. நல்லா இருக்கு உங்க நியாயம்!

வேணாம் வேணாம், என்னுதுக்கு விதிவிலக்கெல்லாம் போடாதீங்க. நான் அதுக்குப் பேசலைன்னு சொன்னேன்ல.

பணம் வந்த அன்னைக்கு எனக்குப் புரியவே இல்லை. ஏதோ மெஷின் கோளாறுன்னுதான் நினைச்சேன். சாயங்காலம் அவன் பேசும்போது பட்டும் படாம கேட்டேன், கேம் எப்படிடா போகுதுன்னு. சூப்பரா போகுது, தனியா பழகிக்கிட்டு இருக்கேன், பாதி மலை ஏறிட்டேன்னான். ம். பாதி மலை. ரெண்டு பேர் இல்லாம ஒரு அடி வைக்க முடியாத கேம்ல. அதுவும் திருப்பிக் குடுத்ததுக்கு அப்புறம். திருப்பினா பணம் எனக்கு வரும்னு அவனுக்குத் தெரியாது போல. வலி பொறுக்காதவங்க பல்லைக் கடிப்பாங்கல்ல, அன்னைக்கு நான் கடிச்சேன். வெக்கமா இருந்துச்சும்மா. பொய் சொன்னது அவன், வெக்கப்பட்டது நான்.

யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். பிடிக்கலேன்னா சும்மா விட்டிருக்கலாம்ல? மெனக்கெட்டு உங்க பக்கத்தைத் திறந்து, வேணாம்னு ஒரு பட்டனை ஏன் அழுத்தணும்? அவனுக்குக் காலணா லாபம் இல்லையே. உறுத்தியிருக்கு. என் கிஃப்டு அங்கே இருக்கறது அவனுக்கு உறுத்தியிருக்கு. ஏன் உறுத்தணும்? நோயாளிக்கு ஒரு கேம் வாங்கிக் குடுத்தது அப்படி என்ன உறுத்தும்? அதுதான் அப்போ புரியலை.

இப்பவா? இப்ப புரியுது. இன்னைக்கு மத்தியானம் புரிஞ்சுது.

ஒண்ணும் பெரிய கதை இல்லை. ஒரு டாக்டர் ஒரு செட்டு அனுப்பியிருந்தார். மெயின் ரோட்டுல புதுசா ஒரு பெரிய லேப் வந்திருக்கு, கண்ணாடிக் கதவு, ஏசி எல்லாம் போட்டு. அங்கே செஞ்ச செட்டு. போட்டுக்கிட்டவருக்குக் கன்னம் கடிபடுதாம், அவசரம், கொஞ்சம் தேய்ச்சுக் குடுங்கன்னு சொல்லியிருந்தார். டப்பாவைத் திறந்தேன். முன்பல்லுக்குப் பக்கத்துப் பல் இருக்கே, இடது பக்கத்துது, அது ஒரு நூல் அளவு உள்ளே திரும்பியிருந்துச்சு. பாக்கறவங்களுக்குத் தெரியாது. ஆனா அதனாலதான் சிரிக்கும்போது அது சொந்தப் பல் மாதிரி இருக்கும். உலகத்துல அப்படி வைக்கறவன் ஒருத்தன்தான். எத்தனை வருஷமா அந்தப் பல்லை நான் பாலிஷ் போட்டிருக்கேன்! என் விரலுக்கே தெரியும்.

செட்டு புதுசும்மா. இந்த வாரம் செஞ்சது.

இல்லை, கோவமா ஒண்ணும் பண்ணலை. கன்னம் கடிபடற இடத்தைத் தேய்ச்சேன், பாலிஷ் போட்டு அனுப்பிட்டேன். நல்ல வேலை, அதுல குறை சொல்ல முடியாது. வேலை செய்யற இடம் பிடிக்கலேன்னா மாத்திக்கறது அவனவன் இஷ்டம். நேரா வந்து, டேய் அங்கே கூடக் குடுக்கறாங்க, போறேன்னு சொல்லியிருந்தா ரெண்டு நாள் திட்டியிருப்பேன், மூணாவது நாள் நானே கொண்டுபோய் விட்டிருப்பேன். இவன் என்ன பண்ணியிருக்கான்? ஒரு மாசம் அங்கே வேலை செஞ்சு பாப்போம், சரிப்பட்டு வரலேன்னா இடுப்பு நல்லாயிடுச்சுன்னு இங்கேயே திரும்பி வந்துடலாம்னு போயிருக்கான். உங்க பாலிசி மாதிரியேதான். என் கிஃப்டைத் திருப்பின அன்னைக்கு முடிவு பண்ணிட்டான், இனி திரும்ப மாட்டோம்னு. நடுவுல ஒரு நாள் நான் அவன் வீட்டு வாசல்ல போய் நின்னேன்மா, இடுப்புக்கு வெச்சுக்க ஒரு தலகாணி வாங்கிக்கிட்டு. தூங்கறார் அண்ணேன்னு அவன் சம்சாரம் வாங்கி வெச்சுக்கிச்சு. அந்தப் பொண்ணு என் மூஞ்சியைப் பாக்கவே இல்லை. நான்தான் மடையன், புருஷன் படுத்த கவலைன்னு நினைச்சுக்கிட்டேன்.

இல்லம்மா, அழலை. பிளாஸ்டர் தூசி.

முடியாதா? ஒரு தடவை ஒத்துக்கிட்ட ரிட்டனை ரத்து பண்ண வழியே இல்லையா? உங்களுக்கு மேல இருக்கறவங்களுக்கும் முடியாதா? சரி. முடியாதுன்னு எனக்கும் தெரியும். அந்தத் தம்பியே சொல்லிட்டார். இல்லை இல்லை, வெச்சுடாதீங்க! வேற ஏதாச்சும் உதவி வேணுமான்னு கேட்டீங்கல்ல, வேணும்.

டிக் டிக்னு நடுவுல ஒரு சத்தம் வருதா உங்களுக்கு? எனக்குத்தான் வருது. இன்னொரு கால் வருது. அவன்தான். தினம் கடையை மூடற இந்த நேரத்துக்குக் கூப்பிடுவான், இன்னைக்கு ஒருக்களிச்சுப் படுத்தேன், இன்னைக்கு சுவரைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்னு சொல்ல. நானும் பாத்துடா, அவசரப்படாம எழுந்திரிடான்னு சொல்வேன். போனை எடுக்கலேன்னா விட மாட்டான், எடுக்கற வரைக்கும் அடிப்பான். லைன் பிஸியா இருந்தாத்தான் விடுவான். அதுக்குத்தான்மா உங்களுக்குப் போட்டேன். இன்னைக்கு ஒரு நாள் அவன் வாயால அந்த இடுப்பைப் பத்திக் கேக்க என்னால முடியாது.

இதோ, நின்னுடுச்சு. லைன் கிடைக்குதான்னு பாக்க மறுபடியும் ஒரு தடவை அடிப்பான். நீங்க ஒண்ணு பண்ணுங்க, உங்க பாலிசி இருக்குல்ல, அதை முதல்லேர்ந்து நிதானமா எனக்கு ஒரு தடவை படிச்சுக் காட்டுங்க. நான் கேட்டுக்கிட்டே இருக்கேன்.