கேட்காதவனுக்கு யோசனை இல்லை

டீயில் சர்க்கரை கொஞ்சம் அதிகம், சார். பரவாயில்லை, குடிக்கிறேன். சுஜித் விஷயத்தை நானே சொல்லிவிடுகிறேன். யாரையும் வீணாக அலையவிடுவது எனக்குப் பிடிக்காது.

கம்ப்யூட்டரில் படை நடத்தி நாடு பிடிக்கும் விளையாட்டு எங்களுடையது. கரமனையில் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து ஆடுகிறேன். அதற்கான ஆன்லைன் குழுவைத் தொடங்கியவனும் நான்தான். குழுவில் ஒரே விதி: ஒருவன் ஆடும்போது அவன் கேட்காமல் யாரும் யோசனை சொல்லக் கூடாது. தோற்றாலும் அது அவன் தோல்வி. அதில் நாம் கை வைக்கக் கூடாது.

சுஜித்துக்குக் கழக்கூட்டம் பக்கம் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் வேலை. தோற்கப்போகிறோம் என்று தெரிந்தால், முன்பு சேமித்து வைத்த இடத்துக்குத் திரும்பிப் போய் மறுபடி ஆடுவான். ஜெயிக்கும்வரை அப்படியே செய்து, கடைசி வெற்றியை மட்டும் வீடியோவாகப் போடுவான். கக்கியதை ஒருவன் திரும்பத் தின்பதைப் பார்ப்பதுபோல எனக்குக் குமட்டும். நான் ஒருநாளும் அதைச் செய்ததில்லை. என் நகரங்கள் எரிந்தால் எரியட்டும் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். போன மாதம் குழுவை நடத்த யார் வேண்டும் என்று ஓட்டெடுப்பு வைத்து அவனைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒருவருக்கும் வெட்கமில்லை. முதலில் வாழ்த்துச் சொன்னது நான்தான், வேண்டுமானால் பாருங்கள்.

கல்லாறு போகலாம் என்று எல்லோரையும் கூப்பிட்டவன் அவன். மற்றவர்கள் கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நாங்கள் இருவர் மட்டும் ஆற்றங்கரைக்கு வந்தோம். விரலில் ஒட்டிய மீன்குழம்பை நக்கிக்கொண்டே பேசினான். எங்கள் தலைக்கு மேல் நல்ல வெயில். பொன்முடி மலைப் பக்கம் வானம் கறுத்துக் கிடந்தது. தண்ணீர் கலங்கி, பச்சை இலைகள் மிதந்து வந்தன. மலையில் மழை பெய்தால் இங்கே வெள்ளம் எப்படி வரும் என்று எனக்குத் தெரியும். எந்த ஆட்டத்திலும் நான் முதலில் நிலத்தைத்தான் பார்ப்பேன். அவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பேன்ட்டை மடித்துவிட்டு, ஃபோட்டோ எடுக்க நடு ஆற்றுப் பாறைக்குப் போனான். வெள்ளம் வந்தபோது என்னைத்தான் கூப்பிட்டான். திரும்பிப் போக இடமில்லை என்பது அவன் முகத்தில் தெரிந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒழுங்காக ஆடினான் என்று நினைத்துக்கொண்டேன். உடலை எங்கே எடுத்தீர்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

ஏன் எச்சரிக்கவில்லை என்று கேட்டீர்கள். விதியைத்தான் சொன்னேனே, சார்.

ஒன்று விட்டுப்போயிற்று. தண்ணீரில் கால் வைக்கும் முன் திரும்பிப் பார்த்தான்.

"அனந்தண்ணா, உங்களுக்கு இந்த ஸ்தலமெல்லாம் நல்லாத் தெரியுமே. அந்தப் பாறைக்குப் போலாமில்லே? குழப்பமொண்ணும், ஆபத்தொண்ணும் இல்லையே?"

"ஒரு குழப்பமும் இல்லடா. தைரியமாப் போ."

கேட்ட பிறகுதான் சொன்னேன், சார். விதியை நான் மீறவில்லை.