கந்தசாமியின் மணி

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். போனைக் கவிழ்த்து வையுங்கள்... இது நம் பிரவினின் மச்சான் புவனேந்திரனுக்கு நடந்தது. வைஃபை மாட்டுகிறவன்.

மூன்று மாதத்துக்கு முன்பு, மாலை ஏழு மணி. மஸ்ஜித் தானா ஊர்ப் பக்கம், செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே ஒற்றைச் சாலை. அது முடியும் இடத்தில் ஒரு முதியோர் இல்லம். கூரையில் நான்கு வைஃபை பெட்டி மாட்டினான். ஒன்று செத்தால் அடுத்தது அதன் இணைப்புகளை வாங்கிக்கொள்ளும். ஒரு பெட்டிக்கு இருபதுதான், மிஞ்சினால் வெளியே. நோயாளிகள் அமுக்கும் மணியும் அதே வைஃபையில்தான். மணிக்கு மட்டும் அந்த இருபதிலிருந்து விலக்கு என்று மடிக்கணினியில் ஒரு குறி போட வேண்டும். போடவில்லை. அவசரமாகக் கிளம்பிவிட்டான், கல்யாண விருந்தில் ஆட்டுக்கறி தீர்ந்துவிடுமாம்... பெரிய இன்ஜினியர்!

அன்றிரவு பன்னிரண்டாம் கட்டில் கந்தசாமிக்கு மூச்சு முட்டியது. மணியை அமுக்கினார். அந்தக் கட்டிலுக்கு எட்டும் பெட்டியில் அது இருபத்தோராவது இணைப்பு, வெளியே... விடிய விடிய அமுக்கினார். இடத்தைப் பிடித்திருந்த ஊழியர்களின் போன்களில் நாடகம் ஓடியது. காலையில் உடம்பு சில்லிட்டிருந்தது.

"வயசாச்சு லா," என்றார் மேனேஜர் தர்மேந்திரன்.

புவனேந்திரன் கமுக்கமாக வந்து குறியைப் போட்டான்.

போன வாரம் அவன் அம்மா ராஜம்மாவுக்கு இழுப்பு. ஆக்ஸிஜன் வைத்துப் பார்க்க அந்த இல்லம்தான். காலியாக இருந்தது ஒரே கட்டில்... பன்னிரண்டு.

புது மணி கொடுத்தார்கள். "அமுக்கிப் பாரும்மா," என்றான். அமுக்கினாள். சத்தமில்லை.

மடிக்கணினியைத் திறந்தான். போட்ட குறியைக் காணோம். இருபது இணைப்பும் நிறைந்திருந்தது. இருபது வரியிலும் ஒரே பெயர்... கந்தசாமி.

எல்லாப் பெட்டியிலும் இருபதை முப்பதாக்கினான். முப்பது கந்தசாமி. பெட்டியை அணைத்தான். அடுத்த பெட்டி உடனே ஏற்றுக்கொண்டது, அவன் அமைத்தபடியே, அழகாக... முப்பது கந்தசாமி. அம்மாவின் மணி வெளியே.

டிக்... டிக்... டிக்... எங்கிருந்தோ. பிளாஸ்டிக் கருகும் வாடை. கூடவே நெய் வாடை.

"அந்தப் பெரியவரோட பழைய மணி யார்கிட்ட இருக்கு?"

"ஸ்டோர்ல பாருங்க," என்றார் மேனேஜர்.

"மேனேஜரக் கேளுங்கண்ணே," என்றாள் நர்ஸ் கலைமகள்.

கந்தசாமியின் உடலைக் குளிப்பாட்டிய மாரியம்மா தரை துடைக்கும் மாப்பைச் சுவரில் சாய்த்தாள்.

"இவங்க சொல்ல மாட்டாங்க தம்பி. வெரலப் பிரிக்கவே முடியல லா. மணியோடவேதான் எரிச்சோம்."