வெயில் பட்ட இரத்தம்

ஒரு வரிதானே, கையெழுத்து வைத்துவிட்டால் என்ன குறைந்துவிடப் போகிறது?

வவுனியாவில் சின்னராசாவின் தொலைத்தொடர்பு நிலையத்துக்குள் நுழையும்போதும் சுமித்திரா தன்னைத்தானே இப்படித்தான் கேட்டுக்கொண்டாள். காலையில் கொழும்பிலிருந்து தொலைநகலில் வந்த தாள் அவள் கையில் சுருண்டு கிடந்தது. 'வன்னியில் எடுத்த இரத்த மாதிரிகள் வழி முழுவதும் குளிரில் இருந்தன; பெட்டி எங்கும் திறக்கப்படவில்லை.' அடியில், மாதிரிகளை எடுத்துவந்த ஆய்வு உதவியாளர் என்று அவளுடைய பெயர். பெயருக்கு மேலே கையெழுத்துக்கான கோடு.

சின்னராசா ரிசீவரின் வாயைப் பொத்திக்கொண்டு நீட்டினார். "உங்கட பேராசிரியர். ஆள் நல்ல சூட்டில நிக்கிறார், பிள்ளை."

"ஹலோ... ஓம், ஐயாத்துரை சேர், சுமித்திராதான்... ஓம், வந்தது... ஓம், ஓம், வாசிச்சனான். ரெண்டுதரம் வாசிச்சனான்... இல்லை, இன்னும் வைக்கேல்லை... சேர், நான் ஒண்டு சொல்லட்டே... சேர்... சரி, நீங்களே சொல்லி முடியுங்கோ."

ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தாள். வெளிநாட்டு அழைப்புக்காக வாங்கில் காத்திருந்தவர்கள் தங்கள் கதையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள்.

"முடிஞ்சுதே?... பெட்டி திறந்தது சேர். தடைமுகாமில..." குரலைத் தாழ்த்தினாள். "ஆமிக்காரர்தான் திறந்தவை. ஐசை நிலத்தில கொட்டிப்போட்டு ஒவ்வொரு குழாயாத் தூக்கிப் பாத்தவை... நாலு மணித்தியாலம். சித்திரை வெயில். வெப்பமானி நாப்பத்தொண்டு காட்டினது. கொப்பியில அண்டைக்கே எழுதிப்போட்டன்... என்ன, பக்கத்தைக் கிழிக்கிறதோ? நல்ல கதை!"

மறுபக்கம் நெடுநேரம் பேசியது. அவள் தாளின் சுருளை விரலால் நீவி நீவி நேராக்கிக்கொண்டிருந்தாள்.

"உங்கட முடிவு எனக்கு விளங்காமலில்லை. மலேரியா வந்த ஆளின்ர வெள்ளைக் கலங்கள் கிருமியை எதிர்க்கிற பிறபொருளெதிரி செய்யிறதில மூச்சுமுட்டிப் போகுது. செய்யிற புரதமெல்லாம் ஒழுங்கா மடியேல்லை. அதைச் சமாளிக்க, மடிக்க உதவிற புரதத்தைக் கலம் கூட்டுது. அதுதான் சோதனைப் படத்தில விழுற அந்தக் கறுப்புக் கோடு... ஓம், வடிவான முடிவுதான். அப்ப ஒப்பிட்டுப் பாக்க எடுத்த, காய்ச்சலே வராத எட்டுப் பேரின்ர இரத்தத்திலயும் அதே கோடு நிக்குதே, அவைக்கு என்ன வருத்தம்?... வெயில் சேர், வெயில்! சூட்டிலயும் புரதம் குலையும். கலத்துக்கு நோயும் நெருக்கடிதான், தடைமுகாமும் நெருக்கடிதான். எதால வந்ததெண்டு அது கோட்டில எழுதி வைக்காது... நான் படிப்பிக்கேல்லை. நீங்கள் படிப்பிச்சதைத்தான் திருப்பிச் சொல்லுறன்."

வாங்கிலிருந்த ஒரு பெண் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

"அந்த எட்டுப் பேரை விடுறதோ? எப்பிடி விடுறது? நெடுங்கேணியில அழகம்மா எண்டொரு மனிசி, கையை நீட்டிக்கொண்டு கேட்டவா, 'என்ர ரத்தத்தில என்னத்தைக் கண்டுபிடிப்பியள்' எண்டு. அவாவை இல்லையெண்டு ஆக்கச் சொல்லுறியளோ?... பாசக்கதை இல்லை. உங்கட கட்டுரையின்ர கடைசிப் பந்தியைப் பாருங்கோ. வன்னிச் சனத்துக்கு எதிர்ப்புச் சக்தி இயல்பிலேயே கூட எண்டு போட்டிருக்கிறியள். நாளைக்கு ஆரும் அதைக் காட்டி மலேரியாக் குளிசையைப் பாதியாக் குறைச்சால்? இப்பவே ஆமிக்காரர் எண்ணித்தான் வன்னிக்குள்ள விடுகினம்... ஓம், அது உங்கட பிரச்சினை இல்லைத்தான். காய்ச்சல் உங்களுக்கு வராதுதானே."

பிறகு அவள் முகம் மாறியது.

"ஆர் சொன்னது?... வினோதனோ?... ஓம். மரத்தடியிலதான் நிண்டனான்."

ஊர்தி ஓட்டிவந்த வினோதனைத் தவிர வேறு எவருக்கும் தெரியாத விசயம் அது. பெட்டி வெயிலில் கிடந்தது. அவள் பாலை மரத்தின் நிழலில் நின்றாள். இடையில் பத்து அடி தூரம். 'கொஞ்சம் நிழலில் வைக்கவா' என்று கேட்டிருக்கலாம். வாய் வரவில்லை. ஆய்வுகூடத்தில் அந்தக் கறுப்புக் கோடுகளை முதன்முதலில் கண்டபோது அவளுக்கு வெட்கம்தான் முதலில் வந்தது. ஆராய்ச்சி பற்றிய கவலை பிறகுதான். இந்த மனிதர்மேல் வருகிற கோபத்தில் எவ்வளவு உண்மையில் அவருக்கு உரியது, எவ்வளவு நிழலில் நின்றவளுக்கு உரியது என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"பயம் சேர். பிழை என்ரதான். அதையும் எழுதித் தாறன். சுமித்திரா நிழலில நிண்டவள், பெட்டி வெயிலில நிண்டது எண்டு... பகிடி இல்லை. அதுக்குக் கீழ கையெழுத்தும் வைக்கிறன்... ஓம், திரும்ப எடுக்கலாம். நானே போய் எடுத்துக்கொண்டு வாறன். ரெண்டு மாதம் தாங்கோ... ஏன் ஏலாது?... அப்ப, பதவி உயர்வுக்கு அவசரம் எண்டு சொல்லுங்கோ!... என்ன சொன்னியள்?"

சின்னராசா ஏற்கெனவே துடைத்த மேசைக் கண்ணாடியை மறுபடி துடைக்கத் தொடங்கினார்.

"இல்லை, திருப்பிச் சொல்லுங்கோ, இஞ்ச இருக்கிற ஆக்களும் கேக்கட்டும்... தோட்டக்காட்டாரோ? ஓம் சேர். என்ர அப்பா பழனியாண்டி மலைநாட்டுத் தேயிலைத் தோட்ட லயத்தில பிறந்தவர்தான். கலவரத்தில அடிவேண்டி வன்னிக்கு ஓடிவந்து, காடு வெட்டி வயல் செய்தவர். அதுக்கும் என்ர கொப்பியில கிடக்கிற நாப்பத்தொண்டுக்கும் என்ன சம்பந்தம்?... நீங்கள்தான் இந்த நிலைக்குக் கொண்டுவந்தனீங்கள், ஓம். அதுக்காகத்தான் இவ்வளவு நேரமும் சேர், சேர் எண்டு கதைக்கிறன்."

 பிறகு அந்தக் குரல் தணிந்திருக்க வேண்டும். அவள் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"ஓம்... நோர்வேக் கடிதம்... ஓம், உங்கட சிபாரிசு இல்லாமல் அவையள் எடுக்கமாட்டினம், தெரியும்... வெள்ளிக்கிழமை கடைசி நாள், அதுவும் தெரியும்."

ஒஸ்லோவில் ஓர் ஆய்வுகூடம், ஓர் அறை, படிப்புக்கு மூன்று வருடம். மலைக்குளிரில், அற்றனில் இருக்கும் மாமிக்குக் கம்பளிச் சட்டை கேட்டு அவள் கடிதம் எழுதி ஒரு மாதமாகிறது. மாமி அதைத் தோய்த்துக் காயவைத்து, ஆள் வந்தால் கொடுத்தனுப்புகிறேன் என்று பதிலும் போட்டிருந்தாள்.

சின்னராசாவின் மேசையிலிருந்து பேனையை எடுத்தாள். உண்மையாகவே எடுத்தாள். தாளை மேசையில் விரித்து இடக்கையால் அழுத்திப் பிடித்து, அந்த வரியை மூன்றாம்முறை வாசித்தாள். ஒரு வரிதான். அதை நம்பிக்கொண்டு யாரும் வாழப்போவதில்லை என்று நினைத்துப் பார்த்தாள். நினைப்பு ஒட்டவில்லை.

"சேர், நிக்கிறியளே?... ஓம், பேனை கையிலதான் இருக்கு... இல்லை, யோசிக்க இனி ஒண்டுமில்லை..."

பேனையை மூடி, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

"சிபாரிசு உங்கட விருப்பம்... கோவமில்லை சேர்... இல்லை. நான் வைக்கமாட்டன்."

மறுபக்கத்துக் குரல் இன்னும் பேசிக்கொண்டிருக்கும்போதே ரிசீவரை மெதுவாக வைத்தாள்.