ஏரிக்கடியில் நடந்தவர்

என் பெயர் வெர்னா கோசாக், வயது ஐம்பத்தாறு. ஹாமில்டன் நகரின் கிழக்குப் பகுதியில், உருக்காலைக்குப் பின்னால் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பில் தனியாக வசித்து வருகிறேன். மாநகர நீச்சல் குளத்தில், உடல் தேறுவதற்காகத் தண்ணீரில் பயிற்சி எடுக்க வருகிறவர்களுக்கு உதவியாளராக வேலை பார்க்கிறேன். திரு. ஆர்வில் டீஸ்டேல் என்பவரைக் குளத்தில் வைத்து அனுமதியில்லாமல் வீடியோ எடுத்துப் பரப்பியதாகவும், அதனால் அவருக்குக் கிடைத்திருந்த சினிமா வாய்ப்பு பறிபோனதாகவும், அதில் எனக்கும் பங்கு இருப்பதாகவும் அவருடைய மகள் ஃபியோனா கொடுத்த புகாரின் பேரில் காவல் நிலையத்துக்கு என்னை அழைத்து விசாரித்ததில் நான் சொல்வது இது. வேலை முடிந்து நேராக வருகிறேன், தலைகூட இன்னும் காயவில்லை. கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்காமல் ஒரே தடவையில் எழுதிக்கொண்டால் நல்லது.

டீஸ்டேல் அவர்கள் அறுபத்தெட்டு வயது நடிகர். இந்த ஊர் மேடைகளில் நாடகம் போட்டே வயதானவர். ‘சாம்பல் நாரை’ படத்தில் படகோட்டியாக வந்தவர் என்றால் எல்லோருக்கும் தெரியும். பறக்கும் சக்தி வந்துவிட்ட ஒரு பெண்ணுக்கு அதை அடக்கி ஆளக் கற்றுக்கொடுக்கும் கிழவர் அவர். படத்தின் கடைசியில் ஊரைக் காப்பாற்ற வேண்டி வெடிகுண்டைப் படகில் ஏற்றிக்கொண்டு ஏரியின் நடுவுக்குப் போய் அப்படியே மூழ்கிவிடுகிறார். பெயர்களெல்லாம் ஓடி முடிந்து, தியேட்டரைக் கூட்டுகிறவர் துடைப்பத்தோடு உள்ளே வந்த பிறகு, ஒரு சின்னக் காட்சி வரும். தண்ணீரில் அவருடைய தொப்பி மட்டும் மிதந்து போகும். படம் வந்த நாளிலிருந்து, அவர் செத்தாரா பிழைத்தாரா, இரண்டாம் பாகத்தில் வருவாரா மாட்டாரா என்பதுதான் எங்கள் ஆட்களுக்குப் பேச்சு.

எங்கள் ஆட்கள் என்று நான் சொல்வது, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டோனட் கடையில் கூடுகிற கூட்டத்தை. டெஸ்மண்ட் ஃபுர்ட்டாடோ தபால்காரர், அந்தப் படத்துக்காக இணையத்தில் ஒரு பக்கம் நடத்துகிறார், அதை உலகம் பூராவும் ஆட்கள் படிக்கிறார்கள். கஸ் பாப்பஸ் டயர் கடை வைத்திருக்கிறார். இன்னும் சிலர் வருவார்கள், போவார்கள். நான் ஆரம்பத்திலிருந்தே உண்டு. இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று என் தங்கை கேட்டுக்கொண்டேதான் இருக்கிறாள். எனக்குப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

தொப்பி காற்றுக்கு எதிர்ப்பக்கம் நகர்கிறது, ஆகவே அடியில் ஆள் உயிரோடு இருக்கிறார் என்பது டெஸ்மண்ட் கட்சி. செத்தவர் செத்தவர்தான் என்பது கஸ் கட்சி. ‘அது தூண்டில் நரம்புடா, எவனோ கரையில உக்காந்து இழுத்திருக்கான்’ என்று கஸ் சொல்வார். ‘சரி, இழுத்தான்ல? சும்மா இழுப்பானா?’ என்று டெஸ்மண்ட் கேட்பார். இதே பேச்சு வாரா வாரம் நடக்கும், காபி ஆறிப்போகும், யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

அதன் பிறகு, போன வருடம் முதல் பனி விழுந்து கொஞ்ச நாளில், டீஸ்டேல் அவர்கள் கைத்தடி ஊன்றிக்கொண்டு என் குளத்துக்கு வந்தார். இடது கால் இழுத்தது, வாயின் இடது ஓரம் இறங்கியிருந்தது. லேசான பக்கவாதம் வந்து போயிருந்தது. எனக்குப் பார்த்தவுடன் யாரென்று தெரிந்துவிட்டது, அவருக்கும் எனக்குத் தெரிந்துவிட்டதென்று தெரிந்துவிட்டது. அதனால் அவரே என்னை ஓரமாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். இரண்டாம் பாகத்தில் அவர் இருக்கிறார், கையெழுத்தும் ஆகிவிட்டது, பனி உருகியதும் படக் கம்பெனி டாக்டர் வந்து உடம்பைப் பார்ப்பார், அதற்குள் கால் தேறிவிட வேண்டும், தேறுகிற வரைக்கும் இந்தச் சீக்கு வெளியே தெரியக்கூடாது. ‘அம்பது வருஷமா நடிக்கிறேன், இப்பதாம்மா தெருவுல நின்னு என் பேரைக் கேக்குறாங்க. இதையும் பறிகொடுத்துட்டு வீட்டுல உக்கார முடியாது’ என்றார். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன், சொல்லவும் இல்லை.

அந்தக் குளிர்காலத்தை நான் எப்படிக் கழித்தேன் என்பது எனக்குத்தான் தெரியும். வாரத்தில் ஐந்து நாள் காலையில் அவரோடு கழுத்தளவு தண்ணீரில் நடப்பேன். உடம்பு மிதக்காமல் இருக்க அவர் கணுக்காலில் எடை கட்டுவேன், இடது பாதத்தைக் குதிகாலிலிருந்து வைக்கச் சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டுவிடும். ஞாயிற்றுக்கிழமை ஆனால் டோனட் கடையில் போய் உட்கார்ந்து, அவர் வருவாரா மாட்டாரா என்று இரண்டு கட்சியும் அடித்துக்கொள்வதை ஒன்றும் தெரியாதவள் மாதிரி கேட்டுக்கொண்டிருப்பேன். ‘நீ என்னம்மா சொல்ற, வாயத் தொறந்து சொல்லேன்’ என்று கஸ் என்னை இடிப்பார். எனக்கு என்ன தெரியும் என்று சொல்லிவிட்டு டோனட்டைக் கடிப்பேன். அலுத்துப் போய்விட்டது எனக்கு.

இந்த இடத்தில், எழுதிக்கொண்டிருந்த பெண் அதிகாரி பேனாவை நிறுத்திவிட்டு, கதையில் அந்தப் படகோட்டி நிஜமாகவே பிழைத்தாரா என்று என்னைக் கேட்டார். அவர் கேட்டார் என்பதையும் எழுதிக்கொள்ளும்படி சொல்கிறேன்.

டீஸ்டேல் அவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. நடந்துகொண்டே இருப்பார், திடீரென்று மூச்சைப் பிடித்துக்கொண்டு தலையையும் தண்ணீருக்குள் அமிழ்த்தி, குளத்தின் தரையில் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு எழுவார். டாக்டர் எழுதிக்கொடுத்த பயிற்சியில் அது கிடையாது. கிழவர் சின்னப் பிள்ளை மாதிரி விளையாடுகிறார் என்று நினைத்து நான் பல தடவை திட்டியிருக்கிறேன். சிரிப்பார், மறுநாளும் செய்வார்.

அதன் பிறகு பிப்ரவரியில் ஒரு காலை, டெஸ்மண்ட் என்னைப் பார்ப்பதற்காகக் குளத்துக்கு வந்திருக்கிறார். வருவதாக என்னிடம் சொல்லவில்லை. பிள்ளைகள் நீந்துவதைப் பெற்றோர் உட்கார்ந்து பார்ப்பதற்காக மேலே கண்ணாடி போட்ட மாடம் ஒன்று இருக்கிறது, அங்கே நின்றிருக்கிறார். நான் எடைப் பட்டைகளை எடுத்து வர உள்ளே போயிருந்தேன். டீஸ்டேல் அவர்கள் தண்ணீருக்கடியில் நடந்ததை டெஸ்மண்ட் செல்போனில் எடுத்திருக்கிறார். எடுத்துக்கொண்டு என்னைப் பார்க்காமலே போய்விட்டார்.

அன்று சாயங்காலம் பேருந்தில் வரும்போதுதான் டெஸ்மண்டின் இணையப் பக்கத்தைப் பார்த்தேன். படகோட்டி ஏரிக்கு அடியில் நடந்தே பிழைத்தார், இரண்டாம் பாகத்தில் தண்ணீருக்குள்ளிருந்து நடந்து கரையேறுவார், அதற்குத்தான் இந்தப் பயிற்சி என்று எழுதி, அடியில் அந்த வீடியோவைப் போட்டிருந்தார். உடனே போனில் கூப்பிட்டு, குளத்தில் படம் எடுப்பது சட்டப்படி தப்பு, வீடியோவை நீக்கிவிடு என்றேன். ஏன் நீக்க வேண்டும் என்று கேட்டார். சீக்கைச் சொல்லாமல் வேறு எதைச் சொல்வது? சட்டம் சட்டம் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்கு அவர், ‘நீ இவ்ளோ பதறுறீன்னா விஷயம் உண்மைதான் வெர்னா. உனக்கு மொதல்லயே தெரியும், அமுக்கமா இருந்திருக்க’ என்று சந்தோஷமாகச் சொன்னார். எங்கள் ஆட்களிடம் இல்லை என்று சொன்னால் ஆமாம் என்று அர்த்தம். சும்மா இருந்தாலும் ஆமாம்தான். அப்படியே பழகிவிட்டார்கள்.

அந்த வீடியோ இரண்டு நாளில் போகாத இடமில்லை. செத்தவர் செத்தவர்தான் என்று சாதித்த கஸ்கூட ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் காபி வாங்கிக் கொடுத்துத் தோல்வியை ஒப்புக்கொண்டார். நர்ஸ் வேலை பார்க்கும் ஒரு பெண் மட்டும், படிக்கட்டில் கைத்தடி சாத்தியிருக்கிறது, இடது பாதம் விழுகிற விதம் பக்கவாதம் மாதிரி இருக்கிறது, பாவம் விட்டுவிடுங்கள் என்று எழுதியிருந்தாள். கதையில் படகோட்டிக்கு அடிபட்டிருக்குமல்லவா, அப்படித்தான் நடப்பார், நடிப்பென்றால் இதுதான் என்று ஆயிரம் பேர் அவளைக் கேலி செய்தார்கள்.

அவள் எழுதியதைக் கேலி செய்யாமல் படித்தவர்கள் கம்பெனிக்காரர்கள். பனி உருகும் வரை பொறுக்காமல் அடுத்த வாரமே அவரை டொராண்டோவுக்கு வரவழைத்து அவர்களுடைய டாக்டர் முன்னால் நிறுத்தினார்கள். ஒரு மாதம் விட்டிருந்தால் நடந்திருப்பார், இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன், தடியில்லாமல் குளத்தின் சுற்றுத் தரையில் நடக்கத் தொடங்கியிருந்தார். அன்றைக்கு முடியவில்லை. பயத்தில் கால் இன்னும் மோசமாக இழுத்தது என்று ஃபியோனா சொன்னார். காப்பீட்டுக்காரர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்று சொல்லி ஒப்பந்தத்தை ரத்து செய்துவிட்டார்கள்.

அதன் பிறகு ஃபியோனா குளத்துக்கு வந்து எல்லோர் முன்னாலும் என்னிடம் கேட்டார். ‘எங்கப்பா உங்கள ஒருத்தரைத்தான் நம்பினாரு. உங்க கூட்டாளிக்கு நீங்க சொல்லாம அவன் எப்படி வந்தான்?’ நான் சொல்லவில்லை. ஆனால் நான் அந்தக் குளத்தில் வேலை பார்ப்பதால்தான் டெஸ்மண்ட் அங்கே வந்தார். இந்த இரண்டும் உண்மை, இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பெண் மேல் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

புகார் ஆன பிறகு டெஸ்மண்டிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உடை மாற்றும் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கேட்டார். ‘அவரு வரணும்னுதான நான் இவ்ளோ கத்துனேன்’ என்றார், அழுதார். எனக்கு அவர் மேல் கோபம் இருக்கிறது, ஆனால் கெட்ட மனிதர் இல்லை. உடனே வீடியோவை நீக்கிவிட்டார். நீக்கியதும், கம்பெனி மிரட்டி நீக்க வைத்துவிட்டது, அப்படியானால் வருவது நிச்சயம் என்று இணையத்தில் எல்லோரும் எழுதத் தொடங்கினார்கள். படகோட்டி இரண்டாம் பாகத்தில் இல்லை என்று கம்பெனியே அறிவித்தது. நம்மை ஏமாற்றப் பார்க்கிறார்கள் என்று அதற்கும் கொண்டாட்டம். டீஸ்டேல் அவர்களுடைய வீட்டு வாசலில் யார் யாரோ வந்து பூங்கொத்து வைத்துவிட்டுப் போகிறார்கள், திரும்பி வருவதற்கு வாழ்த்து என்று எழுதி.

அவர் இன்னும் குளத்துக்கு வருகிறார். போன செவ்வாய்க்கிழமை, சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கியபடி நின்றபோது, இனிமேல் தலையை அமிழ்த்தி விளையாட வேண்டாம், பயமாக இருக்கிறது என்று சொன்னேன். அப்போதுதான் அவர் அதைச் சொன்னார். அது விளையாட்டு இல்லை. இரண்டாம் பாகத்தில் அவருடைய முதல் காட்சியே, ஏரிக்கு அடியில் நடந்து வந்து தண்ணீரைப் பிளந்துகொண்டு கரையேறுவதுதான். அதைத்தான் என் முன்னாலேயே தினமும் ஒத்திகை பார்த்திருக்கிறார். ‘உன் தபால்காரன் சொன்னது அத்தனையும் சரிம்மா. ஒரு எழுத்து தப்பில்ல. வாய மூடிட்டு இருந்திருந்தான்னா கண்ணால பாத்திருப்பான்’ என்றார்.

இதை நான் டெஸ்மண்டிடம் சொல்லவில்லை. சொல்லவா வேண்டாமா என்று நினைத்து நினைத்து எனக்குத் தூக்கமில்லை. இங்கே சொல்லிவிட்டால் வழக்கு நடக்கும்போது இந்தத் தாள்கள் அவர் கைக்கும் போகும் என்று அதிகாரி எச்சரித்தார். போகட்டும். என்னால் இதற்கு மேல் எதையும் உள்ளே வைத்துக்கொண்டு இருக்க முடியாது.

மேலே எழுதப்பட்டது முழுவதும் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. நான் சொன்னபடியே இருக்கிறது, கூட்டவோ குறைக்கவோ ஒன்றுமில்லை, அனைத்தும் உண்மை. யாரும் வற்புறுத்தாமல் நானாகச் சொல்லிக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
வெர்னா கோசாக்