எர்த் குழிக்கு வெள்ளிக்கிழமைத் தண்ணீர்

பழைய சாமான் விற்றால் என்ன மிஞ்சும் என்று கேட்கிறீர்கள். இரும்பில் ஒன்றும் மிஞ்சாது ஸார். மண்டி மொஹல்லா குஜரிக் கடையில் ஒரு மூட்டை இரும்பைப் போட்டால் டீயும் பன்னும் வரும். செம்புக்குத்தான் மரியாதை.

அந்த மூன்று மாடிக் கட்டடத்தில் நான் ஆறு வருஷமாக வாட்ச்மேன்; கேட்டை ஒட்டிய அறையிலேயே குடித்தனம். சொந்த ஊர் கொள்ளேகால். என் மனைவி மீனாவுக்குக் கிட்னி இரண்டும் போய்விட்டது. டயாலிசிஸ் இலவசம்தான், ஊசியை மட்டும் வெளியே வாங்க வேண்டும். போன மாதம் ஊசி தவறியது. உதடெல்லாம் வெளுத்து, படுத்தபடியே அவளுக்கு மூச்சு வாங்கியது. கேட்காத ஆளில்லை, எல்லோரும் கையை விரித்துவிட்டார்கள். எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை.

மோட்டார் அறைக்குப் பின்னால் எர்த் குழி இருக்கிறது. கசிகிற கரன்ட்டை மண் இழுத்துக்கொள்ள, உள்ளே கனமான செம்புத் தகடு புதைத்திருந்தார்கள். குழி காயாமலிருக்க வெள்ளிக்கிழமைதோறும் ஒரு வாளி உப்புத் தண்ணீர் ஊற்றுவது என் வேலை. பாத்திரம் தேய்க்க வரும் தேவம்மா அதைக் கங்கம்மா பூஜை என்றே நினைத்துக்கொண்டாள். குங்குமம் வைத்து ஒரு செவ்வந்தியும் போடுவாள். நானும் திருத்தவில்லை.

ஒரு மத்தியானம் தகட்டைத் தோண்டி எடுத்து விற்றேன். குஜரிக்காரர் எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. ஊசி போட்டாயிற்று. பத்து நாளில் மீனா எழுந்து உட்கார்ந்து ரசம் கேட்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமைத் தண்ணீரை நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் யாராவது கேட்பார்கள். தேவம்மாவும் பூவை நிறுத்தவில்லை. நேற்று குங்குமம் வைத்துவிட்டு, "நஞ்சுண்டண்ணா, உன் பெண்டாட்டிக்கும் சேத்து வேண்டிட்டேன். சரியாயிடுவா, விடு" என்றாள். பிறகு பாத்திரங்களோடு மோட்டாரை ஒட்டிய இரும்புக் குழாய்க்குப் போனாள். பாத்திரங்கள் விழுந்த சத்தம்தான் எனக்குக் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தபோது உயிர் இல்லை.

மோட்டாரில் கசிவு இருந்தது எனக்கு எப்படித் தெரியும்? நான் எலக்ட்ரீஷியன் இல்லை. யாருக்கும் கெடுதல் நினைத்தவனும் இல்லை. எழுதிக்கொள்ளுங்கள்.

புதன்கிழமை அந்தக் குழாயைத் தொட்டபோது என் கை சுரீரென்று இழுத்தது உண்மைதான். அன்றைக்கே அறைக்குப் போய் மீனாவிடம், "அந்தக் கொழாய்ப் பக்கம் மட்டும் போயிராத கண்ணு" என்று சொல்லிவிட்டேன்.